அண்டாவைத் திருப்பிக் கொடுப்பது யார்? பழைய நிரலை ஏ.ஆர்.சி.க்கு மாற்றுவது பற்றி எளிமையாக

“பழைய கோடிங்கை ஏ.ஆர்.சி.க்கு மாத்தியாச்சுண்ணே. இனிமே மெமரியைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்.” இலந்தைக்குளம் ஐ.டி. பார்க் பக்கம் வேலை பார்க்கும் தம்பிகள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்லூரி முடிக்கப் போகும் மாணவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள்: “ஏ.ஆர்.சி.ன்னா கார்பேஜ் கலெக்‌ஷன்தானே சார்?” ஏ.ஆர்.சி. என்பது ஐபோன், மேக் ஆப்களில் நினைவகக் கணக்கைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு முறை. கார்பேஜ் கலெக்‌ஷன் அதே வேலைக்கு இருக்கும் வேறொரு முறை. முதல் பேச்சு பாதி உண்மை. இரண்டாவது தவறு. இந்த இரண்டு குழப்பமும் சேர்ந்து, பல வருடம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஆப்களைக் கெடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை நிதானமாக எழுதத் தோன்றியது.

இதைப் புரிந்துகொள்ள நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கல்யாண வீட்டில் சமையல்கட்டுப் பக்கம் அரை நாள் நின்றிருந்தால் போதும்.

## நினைவகம் ஒரு வாடகைப் பாத்திரக் கடை

எங்கள் பெரியப்பா திருமங்கலத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். வைகாசி முகூர்த்தம், பாண்டி கோயில் கிடாவெட்டு, அழகர்கோவில் காதுகுத்து என்று எங்கே பந்தி நடந்தாலும் அண்டா, குண்டான், தாம்பாளம், ஜல்லிக்கரண்டி எல்லாம் கடையிலிருந்து வண்டியேறிப் போகும். வேலை முடிந்ததும் திரும்பி வர வேண்டும். வந்தால்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க முடியும். கடையில் இருக்கும் பாத்திரங்களுக்கு ஒரு எண்ணிக்கை உண்டு, அதற்கு மேல் கிடையாது.

கம்ப்யூட்டரிலும் போனிலும் நடப்பது இதேதான். ஒரு நிரல் ஓடும்போது, படம் காட்டவும் பட்டியல் வைக்கவும் அதற்குத் தற்காலிகமாக இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் நினைவகம். நிரல் கேட்கும், இயங்குதளம் கொடுக்கும். வேலை முடிந்ததும் நிரல் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படி வாங்கிய இடத்தில் வைக்கும் ஒவ்வொரு தகவல் மூட்டையையும் ஆப்ஜெக்ட் என்பார்கள். ஒரு படம் ஓர் ஆப்ஜெக்ட், ஒரு திரை ஓர் ஆப்ஜெக்ட். இந்தக் கட்டுரையில் ஓர் அண்டா என்றால் ஓர் ஆப்ஜெக்ட்.

பெரியப்பாவுக்கு வந்த தலைவலிகள் மூன்று. மூன்றுமே நிரலிலும் உண்டு.

முதல் தலைவலி, பந்தி முடிந்தும் அண்டா திரும்பாது. மண்டபத்தின் பின்கட்டில் கவிழ்ந்து கிடக்கும், யாரும் எடுத்து வர மாட்டார்கள். நிரலில் இதற்கு மெமரி லீக் என்று பெயர். ஓர் அண்டா போனால் தெரியாது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஓர் அண்டா போனால், போனில் இடம் தீர்ந்து, இயங்குதளமே ஆப்பை நிறுத்திவிடும். பயன்படுத்துபவர் கண்ணுக்கு, ஆப் திடீரென்று மூடிக்கொண்டது என்று மட்டும் தெரியும்.

இரண்டாவது இதைவிட மோசம். வேலை முடியும் முன்பே ஒருவர் அவசரப்பட்டு அண்டாவை வண்டியில் ஏற்றிவிடுவார். சமையல் மாஸ்டர் சாம்பாரை இறக்கத் திரும்பினால் அண்டா இருந்த இடத்தில் வேறொருவரின் பால் குண்டான் இருக்கும். கொதிக்கிற சாம்பார் அதில் போய் விழும். நிரலில், போய்விட்ட ஆப்ஜெக்டின் முகவரியை இன்னும் கையில் வைத்திருப்பதற்குத் தொங்கும் சுட்டி என்று சொல்லலாம். சில சமயம் ஆப் உடனே விழும். சில சமயம் விழாமல் தவறான தகவலைக் காட்டும். எனக்கு இரண்டாவதுதான் பயம்.

மூன்றாவது, திரும்பி வந்த ஒரே அண்டாவை நோட்டில் இரண்டு முறை வரவு வைப்பது. கையில் இரண்டு அண்டா இருப்பதாக நினைத்து, இருக்கும் ஒன்றை இரண்டு வீட்டுக்கும் ஒப்புக்கொண்டுவிடுவோம். நிரலும் அப்படி ஒரே இடத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக்கூடும்.

இதுவரை சொன்னது: நினைவகம் இரவல். திருப்பாமல் விட்டால் லீக். சீக்கிரம் திருப்பினால் தொங்கும் சுட்டி. இரண்டு முறை திருப்பினால் கணக்கே குழம்பும்.

## சுண்ணாம்புக் கோடு: கையால் எண்ணிய காலம்

ஓர் அண்டா ஒருவருக்கு மட்டும் தேவை என்றால் பிரச்சினை இல்லை. அதையே சாம்பார் மாஸ்டர், பாயசம் வைப்பவர், தண்ணீர் பிடிப்பவர் என்று மூன்று பேர் அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் சிக்கல். யார் திருப்பிக் கொடுப்பது? மற்றவருக்கு இன்னும் தேவையா என்று எப்படித் தெரியும்?

பெரியப்பா கடையில் பாத்திரம் எடுக்கும் மாஸ்டர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அண்டா யாருக்கு வேண்டுமோ, அவர் அதன் காதருகே சுண்ணாம்பால் ஒரு கோடு போட வேண்டும். தன் வேலை முடிந்ததும் ஒரு கோட்டை அழிக்க வேண்டும். கடைசிக் கோட்டை அழிப்பவர் யாரோ, அவர் கழுவிக் கடைக்கு அனுப்ப வேண்டும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அண்டாவைப் பார்த்தாலே போதும்.

நிரல் உலகில் இந்த முறைக்கு ரெஃபரன்ஸ் கவுன்டிங் என்று பெயர். ஓர் ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை அந்த ஆப்ஜெக்டோடு சேர்த்தே வைத்திருப்பது. 1960-இல் ஜார்ஜ் காலின்ஸ் இந்த முறையை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஆப்பிளின் பழைய நிரல்கள் எழுதப்பட்ட ஆப்ஜெக்டிவ்-சி மொழி இதே வழியைத்தான் பிடித்துக்கொண்டது. கோடு போடும் கட்டளைக்கு ரீடெய்ன் என்று பெயர், அழிக்கும் கட்டளைக்கு ரிலீஸ்.

இந்த மொழியை 1980-களின் தொடக்கத்தில் பிராட் காக்ஸும் டாம் லவ்வும் உருவாக்கினார்கள். ஆப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. பிறகு நெக்ஸ்டையே ஆப்பிள் வாங்கியது. இன்றும் ஆப்பிள் நிரல்களில் நிறையப் பெயர்கள் என்.எஸ். என்ற எழுத்துகளில் தொடங்குவது நெக்ஸ்ட் நிறுவனத்தின் அந்தக் காலத்து இயங்குதளமான நெக்ஸ்ட்ஸ்டெப்பின் மிச்சம்.

கோடு போடுவதும் அழிப்பதும் முழுக்க மனிதனின் பொறுப்பு. நிரலாளர் ஒவ்வொரு இடத்திலும் தானே ரீடெய்ன் எழுத வேண்டும், தானே ரிலீஸ் எழுத வேண்டும். இதில் தடுமாறாமல் இருக்க ஒரு பெயர் வழக்கம் இருந்தது. அலாக், நியூ, காப்பி என்ற சொற்களில் தொடங்கும் கட்டளையால் ஓர் ஆப்ஜெக்ட் கைக்கு வந்தால், உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது, அழிப்பது உங்கள் கடமை. வேறு பெயரில் வந்தால் கோடு உங்களுடையது இல்லை, தொடாதீர்கள். இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது சட்டமாக மாறப்போகிறது.

நடுவில் ஆட்டோரிலீஸ் என்று ஒன்றும் உண்டு. அண்டாவைத் தயார் செய்து இன்னொருவரிடம் நீட்டுகிறேன். என் வேலை முடிந்தது, ஆனால் அவர் கோடு போடும் முன் நான் என் கோட்டை அழித்தால் அண்டா கடைக்குப் போய்விடும். அதனால் வாசல் ஓரம் ஒரு சிட்டையில் எழுதி வைக்கிறேன்: “இந்தப் பந்தி முடிந்ததும் என் பெயரில் ஒரு கோட்டை அழித்துவிடவும்.” அதற்குள் அவர் தன் கோட்டைப் போட்டுக்கொள்வார். அந்தச் சிட்டைக்குப் பெயர் ஆட்டோரிலீஸ் பூல்.

முதல் ஐபோனில் இருந்த நினைவகம் 128 எம்.பி. மட்டும். 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தபோது, அந்தச் சின்ன இடத்துக்குள்தான் எல்லாரும் இப்படிக் கையால் கோடு போட்டு அழித்து ஆப் எழுதினார்கள். அந்தத் தலைமுறைக்காரர்கள் எழுதிய நிரலைத் திறக்கும்போது எனக்கு மரியாதைதான் வரும்.

## தானாக நடப்பதில் இரண்டு வகை

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். தானியங்கி நினைவக மேலாண்மை என்றால் ஒரே ஒரு முறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடிப்படையில் வேறான இரண்டு முறைகள் இருக்கின்றன.

ஒன்று, கார்பேஜ் கலெக்‌ஷன். இதில் கோடே கிடையாது. யாரும் எதையும் அழிக்க வேண்டாம், அவரவர் பாட்டுக்கு வேலை பார்க்கலாம். அவ்வப்போது மண்டப மேனேஜர் ஒரு சுற்று வருவார். இப்போது வேலையில் இருக்கும் ஆட்களிடம் தொடங்குவார்: இவர் கையில் என்ன பாத்திரம், அந்தப் பாத்திரத்துக்கு எது தேவை, அதற்கு எது தேவை என்று பின்தொடர்ந்து போய், எட்டிய எல்லாவற்றுக்கும் அடையாளம் வைப்பார். அடையாளம் இல்லாத பாத்திரங்களை அள்ளிக் கடைக்கு அனுப்புவார். 1960-இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக விவரித்தது இந்த முறையைத்தான். ஜாவா இப்படித்தான் இயங்குகிறது. மேனேஜர் சுற்றும்போது சமையல்கட்டு கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும். இன்றைய கார்பேஜ் கலெக்டர்கள் அந்த நிறுத்தத்தை மிகவும் குறைத்துவிட்டன, ஆனாலும் மேனேஜர் என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று ஏ.ஆர்.சி. விரித்தால் ஆட்டோமேட்டிக் ரெஃபரன்ஸ் கவுன்டிங். இதில் சுண்ணாம்புக் கோடு அப்படியே இருக்கிறது. யார் கோடு போடச் சொல்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது. நாம் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். சமையலுக்கு முந்தின நாள் ராத்திரி, மாஸ்டர் எழுதிய வேலைத் திட்டத்தை அனுபவசாலி ஒருவர் வரி வரியாகப் படித்து, “இங்கே கோடு போடு, இங்கே அழி” என்று நடுநடுவே எழுதிச் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் கம்பைலர் செய்கிறது. மறுநாள் பந்தி நடக்கும்போது சுற்றி வரும் மேனேஜர் யாரும் இல்லை. எழுதி வைத்தபடி கோடுகள் விழுகின்றன, அழிகின்றன. கடைசிக் கோடு அழிந்த அந்த நொடியே அண்டா கிளம்பிவிடுகிறது.

ஆப்பிள் இதை 2011-இல் ஐபோனின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 5 வெளிவந்த சமயத்தில், ஆப் எழுத ஆப்பிள் தரும் எக்ஸ்கோட் மென்பொருளின் 4.2 பதிப்புடன் கொண்டுவந்தது. 2014-இல் அறிமுகமான ஸ்விஃப்ட் மொழியும் இதையேதான் பயன்படுத்துகிறது. ஆகவே ஸ்விஃப்ட் மட்டும் படித்தவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் வேலை இருக்கிறது.

குழப்பம் வந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. ஆப்பிள் 2007-இல் லெபர்ட் என்ற மேக் இயங்குதளத்தில் ஆப்ஜெக்டிவ்-சிக்கு நிஜமாகவே ஒரு கார்பேஜ் கலெக்டரைக் கொடுத்தது. மேக்குக்கு மட்டும்தான், ஐபோனுக்கு அது வரவே இல்லை. 2012-இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்து, 2016-இல் சியரா என்ற மேக் இயங்குதளப் பதிப்போடு எடுத்தேவிட்டார்கள். அதனால் ஏ.ஆர்.சி.க்கு வந்த பழைய நிரல்களில் இரண்டு வம்சம் உண்டு: கையால் கோடு போட்டவை, மேனேஜரை நம்பி இருந்தவை. மாற்றும்போது இரண்டுக்கும் வரும் நோய் வேறு வேறு.

சுருக்கமாகச் சொன்னால், கார்பேஜ் கலெக்‌ஷனில் நிரல் ஓடும்போது ஒருவர் தேடிப்பார்த்து அள்ளுகிறார். ஏ.ஆர்.சி.யில் நிரல் ஓடுவதற்கு முன்பே கோட்டுக் கணக்கு எழுதப்பட்டுவிடுகிறது.

## அண்டாவும் மூடியும்

சுண்ணாம்புக் கோட்டு முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஏ.ஆர்.சி. வந்தும் அது அடைபடவில்லை.

ஓர் அண்டாவுக்கு மூடி தேவை. அதனால் அண்டாவின் பெயரில் மூடி மேல் ஒரு கோடு. இந்த மூடி அந்த அண்டாவுக்கு மட்டும்தான் பொருந்தும், அதனால் மூடியின் பெயரில் அண்டா மேல் ஒரு கோடு. இப்போது மாஸ்டர் வேலையை முடித்து, தன் கோட்டை அழித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அண்டாவில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது, மூடி போட்டது. மூடியில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது, அண்டா போட்டது. யாருக்கும் தேவையில்லாத இரண்டு பாத்திரங்கள், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பின்கட்டில் கிடக்கின்றன. கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டுமே வேலையில் இருப்பதாகத்தான் தெரியும்.

இதற்குப் பெயர் ரீடெய்ன் சைக்கிள். சுழற்சிப் பிடிப்பு என்று சொல்லலாம். மேனேஜர் முறையில் இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அவர் ஆட்களிடம் தொடங்குகிறார், இந்த இரண்டையும் எந்த ஆளும் பிடித்திருக்கவில்லை. அதனால்தான் மேக்கில் கலெக்டரை நம்பி எழுதிய நிரலை அப்படியே ஏ.ஆர்.சி.க்குக் கொண்டுவந்தால், அதுவரை மேனேஜர் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டிருந்த சுழற்சிகள் எல்லாம் லீக் ஆகிவிடும். பைத்தான் மொழியிலும் கோட்டு முறைதான் அடிப்படை. இந்த ஓட்டைக்காகவே 2000-இல் வந்த 2.0 பதிப்பில் சுழற்சிகளை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு மேனேஜரையும் சேர்த்தார்கள். ஏ.ஆர்.சி.யில் அப்படி யாரும் இல்லை. சுழற்சியை நாம்தான் உடைக்க வேண்டும்.

உடைக்கும் கருவி, வீக் ரெஃபரன்ஸ். கோடு போடாமல், இருக்கும் இடத்தை மட்டும் தெரிந்து வைத்திருப்பது. அண்டா மூடி மேல் கோடு போடட்டும். மூடி, அண்டா மேல் கோடு போட வேண்டாம், எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். மாஸ்டர் தன் கோட்டை அழித்ததும் அண்டா போகும், போகும்போது மூடி மேல் போட்ட கோட்டையும் அழிக்கும், மூடியும் போகும்.

வீக் என்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆப்ஜெக்ட் போனதும் அதை வீக்காக வைத்திருந்த எல்லா இடத்திலும் “இல்லை” என்று தானாக எழுதப்பட்டுவிடும். ஆப்ஜெக்டிவ்-சியில் “இல்லை” என்பதிடம் ஒரு வேலையைச் சொன்னால் எதுவும் நடக்காது, ஆப் விழாது. கையால் எழுதிய காலத்திலும் கோடு போடாமல் வைத்துக்கொள்ளும் வழி இருந்தது. ஆனால் அதில் அண்டா போனது யாருக்கும் தெரிவிக்கப்படாது. அதே மூலைக்குப் போய் அங்கே எது இருக்கிறதோ அதில் கையை விடுவார்கள். தொங்கும் சுட்டி. அதனால் கவனமாக மாற்றினால், பல வருடமாகக் காரணம் தெரியாமல் விழுந்துகொண்டிருந்த ஆப் கூட நிமிர்ந்துவிடும். மாற்றத்தில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பது என் எண்ணம்.

## மாற்றும்போது உண்மையில் என்ன நடக்கிறது

பழைய நிரலில் இருக்கும் ரீடெய்ன், ரிலீஸ், ஆட்டோரிலீஸ் கட்டளைகள் எல்லாம் போய்விட வேண்டும். ஏ.ஆர்.சி.யின் கீழ் அவற்றை எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளாது. ஆட்டோரிலீஸ் பூலை எழுதும் முறையும் மாறுகிறது. ஓர் ஆப்ஜெக்ட் விடைபெறும்போது கடைசியாக ஓடும் டீஅலாக் என்ற பகுதியில், தாய் வகுப்பின் (அந்த ஆப்ஜெக்டின் வார்ப்பு எதிலிருந்து பிறந்ததோ அதன்) டீஅலாக்கை நாமே கூப்பிடும் வரியும் போகும். இதற்கென்றே எக்ஸ்கோடில் ஒரு மாற்றி வந்தது. அது ஃபைல்களைப் படித்து, அழிக்க வேண்டியதை அழித்து, தனக்குப் புரியாத இடத்தில் நிறுத்திக் காட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதும் இல்லை. பழைய ஃபைலும் புதிய ஃபைலும் ஒரே ஆப்பில் சேர்ந்து வேலை செய்யும், ஏனென்றால் இருவரும் போடுவது ஒரே சுண்ணாம்புக் கோடுதான். ஒருவர் கையால் போடுகிறார், இன்னொருவருக்குக் கம்பைலர் போட்டுத் தருகிறது. எந்த ஃபைல் பழைய முறை என்று ஃபைல் வாரியாகக் குறித்து வைக்கலாம்.

சிக்கல் வருவது எல்லைகளில். முன்பு சொன்ன பெயர் வழக்கம் நினைவிருக்கிறதா? ஏ.ஆர்.சி. அந்தப் பெயரை அப்படியே நம்புகிறது. பழைய ஃபைல் ஒன்றில், “நியூ ஐட்டம்” என்ற பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது, ஆனால் அதை எழுதியவர் வழக்கத்தை மீறி, கோட்டை உங்கள் பெயரில் தராமல் ஆட்டோரிலீஸ் சிட்டையில் எழுதித் தந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனிதர்கள் அதை அறிந்து சமாளித்துக்கொண்டிருந்தார்கள். புதிய ஃபைலில் கம்பைலர் பெயரைப் பார்த்து, அழிக்க வேண்டிய கோடு நம்முடையது என்று நம்பி ஒரு கோட்டை அழிக்கும். பந்தி முடிவில் சிட்டைப்படி இன்னொன்றும் அழியும். அண்டா ஒரு கோடு முன்னதாகவே போய்விடும். ஆப் விழும் இடத்தில் தவறு இருக்காது, தவறு வேறொரு ஃபைலில், ஒரு பெயரில் இருக்கும்.

அடுத்த எல்லை, வேறு கடைப் பாத்திரம். கோர் ஃபவுண்டேஷன் என்று சி மொழியில் எழுதிய ஒரு நூலகம் ஆப்பிளிடம் உண்டு. அதன் ஆப்ஜெக்ட்களுக்கு ஏ.ஆர்.சி. கணக்கு வைக்காது. அங்கிருந்து இங்கே ஒரு பாத்திரம் வந்தால், பொறுப்பும் சேர்ந்து வருகிறதா, பார்க்க மட்டும் வந்திருக்கிறதா என்று நாம் சொல்ல வேண்டும். பிரிட்ஜ் என்று தொடங்கும் சில குறிகள் அதற்காகவே இருக்கின்றன. இதில் தவறான குறியைப் போட்டால், லீக் ஆகும் அல்லது சீக்கிரம் போய்விடும். கம்பைலர் கேட்கிறதே என்று ஏதோ ஒரு குறியைப் போட்டு வாயை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஒவ்வோர் இடத்திலும் இந்தப் பாத்திரம் யாருடையது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஓர் ஆப்ஜெக்டைக் கடைசியாகப் பயன்படுத்திய வரி முடிந்ததுமே ஏ.ஆர்.சி. அதன் கோட்டை அழித்துவிடலாம், அந்தப் பகுதி முழுக்க முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. அண்டாவுக்குள் வைத்திருந்த வாளியை நீங்கள் இன்னும் பிடித்திருந்தால், அண்டா போகும்போது வாளியும் போய்விடும். நிற ஆப்ஜெக்டின் உள்ளே இருக்கும், படம் வரையும் நூலகமான கோர் கிராஃபிக்ஸின் நிறத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்தும் பழைய வரிகளில் இது கடிக்கும்.

## தலைகீழான தந்திரம்

நான் அதிக நேரம் செலவழித்தது இந்த ஒன்றில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ப்ளாக் என்பது பிறகு செய்ய வேண்டிய வேலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது போன்றது. “படம் இறங்கி முடிந்ததும் இந்தத் திரையில் காட்டு.” அந்தச் சீட்டில் திரையின் பெயர் இருப்பதால், சீட்டு திரை மேல் ஒரு கோடு போடும். திரையே அந்தச் சீட்டைத் தன்னிடம் வைத்திருந்தால், சீட்டு மேல் திரையும் ஒரு கோடு போட்டிருக்கும். அண்டாவும் மூடியும்.

பழைய கைவினைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். திரையை ஒரு தனி மாறியில் (ஒரு தகவலைப் பெயர் வைத்துப் போட்டு வைக்கும் இடம்) எடுத்து, அதற்கு முன் ப்ளாக் என்ற பெயரிலேயே உள்ள ஓர் அடைமொழியைச் சேர்ப்பார்கள். அந்த அடைமொழி இருந்தால் சீட்டு அந்த மாறி மேல் கோடு போடாது. சுழற்சி உடைந்துவிடும். அன்றைக்கு அது சரியான வழி.

ஏ.ஆர்.சி.யில் அதே அடைமொழியின் பொருள் மாறிவிட்டது. இப்போது சீட்டு அந்த மாறி மேல் கோடு போடும். அதாவது சுழற்சியை உடைக்க எழுதிய அதே வரி, இன்று சுழற்சியை உண்டாக்குகிறது. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

எக்ஸ்கோடின் மாற்றி இதை ஓரளவு ஊகிக்கும். அந்த மாறிக்குச் சீட்டின் உள்ளே புதிய மதிப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை என்றால், சுழற்சியை உடைக்கத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு வீக் என்று மாற்றிவிடும். ஆனால் நான் உதவிக்குப் போன ஓர் அணியில், மாற்றியைப் பயன்படுத்தாமல், ரீடெய்ன் ரிலீஸ் வரிகளைத் தேடித் தேடிக் கையால் அழித்திருந்தார்கள். கம்பைலர் பிழை ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்தது என்று நம்பி ஆப்பை வெளியிட்டுவிட்டார்கள். படம் காட்டும் திரையை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் திரை, அதன் படங்கள், பட்டியல் எல்லாம் மொத்தமாகப் பின்கட்டில் தங்கின. நாள் முழுக்க அந்தத் திரையிலேயே வேலை பார்க்கும் கடை ஊழியர்களின் போனில் மதியத்துக்குள் ஆப் மூடிக்கொண்டது.

“ஏ.ஆர்.சி.லதான்ணே ஏதோ கோளாறு, பழையபடியே வச்சுக்கலாமா?” என்று கேட்டார்கள். சரி, முதலில் பார்ப்போம் என்று அந்தத் திரையின் டீஅலாக்கில் ஒரு வரி அச்சிட வைத்தோம். திரையைப் பத்து முறை மூடினோம். வரி ஒரு முறைகூட வரவில்லை. எக்ஸ்கோட் 8 முதல் இருக்கும் மெமரி கிராஃப் கருவியைத் திறந்தால், யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று படமாகவே காட்டும். திரையிலிருந்து சீட்டுக்கு ஓர் அம்பு, சீட்டிலிருந்து திரைக்கு ஓர் அம்பு.

திருத்தம் ஒரே சொல். ப்ளாக் அடைமொழியை எடுத்துவிட்டு வீக் என்று போட்டோம். சீட்டின் உள்ளே முதல் வரியில், அந்த வீக் மாறியை ஒரு சாதாரண மாறியில் வாங்கிக்கொண்டோம். திரை ஏற்கெனவே போயிருந்தால் அங்கேயே வேலையை விட்டுவிடும், இருந்தால் அந்த வேலை முடியும்வரை போகாமல் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டாவது படியை மறப்பவர்கள் நிறைய. மறந்தால், வேலை பாதியில் இருக்கும்போது திரை மறைந்து, பாதி வரிகள் மட்டும் ஓடும்.

அந்த ஆப்பில் இதே அடைமொழி இன்னும் பல இடங்களில் இருந்தது. எல்லாமே சுழற்சிக்காக எழுதியவை இல்லை. சில இடங்களில் சீட்டின் உள்ளிருந்து ஒரு பதிலை வெளியே கொண்டுவருவதற்காக எழுதியிருந்தார்கள், அங்கே வீக் போட்டால் பதில் காணாமல் போகும். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்து, எழுதியவர் எதற்காக எழுதினார் என்று புரிந்துகொண்ட பிறகுதான் கைவைத்தோம்.

இங்கே பிடித்துக்கொள்ள வேண்டியது: கோடு எப்போது அழிய வேண்டும் என்பதை இனிக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். யார் யாரைப் பிடிக்க வேண்டும், யார் வெறுமனே தெரிந்து வைத்திருந்தால் போதும் என்பதை நாம் சொல்ல வேண்டும்.

## எந்த ஃபைலில் தொடங்குவது

என் வழக்கத்தைச் சொல்கிறேன். மாற்றத் தொடங்கும் முன், பழைய ஆப்பை ஓடவிட்டு, முக்கியமான ஒவ்வொரு திரையையும் பத்து முறை திறந்து மூடி, நினைவகம் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்து வைத்துக்கொள்வேன். பழைய ஆப்பிலேயே லீக் இருந்திருந்தால் அது இப்போது தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அந்தப் பழியும் ஏ.ஆர்.சி. தலையில் விழும்.

அப்புறம், யாரையும் அதிகம் சாராத ஃபைல்களில் தொடங்குவேன். தேதியை எழுத்தாக மாற்றுவது, விலையைக் கணக்கிடுவது போன்றவை. அவற்றில் ப்ளாக் இருக்காது, கோர் ஃபவுண்டேஷன் எல்லையும் அரிது. அங்கே கை பழகிய பிறகு தகவல் வைக்கும் ஃபைல்கள். திரைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன், ஏனென்றால் திரை, சீட்டு, பட்டியல், வேலை சொல்பவர், வேலை கேட்பவர் என்று எல்லாப் பிடிப்பும் அங்கேதான் பின்னிக்கிடக்கும்.

ஒரு திரையை எடுத்தால், அது யார் யாரைப் பிடித்திருக்கிறது என்று முதலில் ஒரு தாளில் அம்பு போட்டு வரைவேன். அம்புகள் ஒரு வட்டமாகத் திரும்பி வரும் இடத்தில், அண்டா எது, மூடி எது என்று முடிவு செய்து, மூடி பக்கத்து அம்பை வீக் ஆக்குவேன். டீஅலாக்கில் அச்சிடும் ஒரு வரியைச் சேர்ப்பேன். அந்த ஃபைலை மட்டும் ஏ.ஆர்.சி.க்கு மாற்றி, திரையைப் பத்து முறை திறந்து மூடுவேன். வரி பத்து முறை வந்தால் அச்சிடும் வரியை எடுத்துவிட்டு அடுத்த திரைக்குப் போவேன். ஒன்பது முறை வந்தால் போகமாட்டேன்.